நாட்டுக்குத் தொலைபேசி வந்த வரலாறு



நான் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற பள்ளிக்குச் சென்ற ஆண்டு ஒரு விழாவின்பொருட்டுப் போயிருந்தேன். விழா தொடங்கச் சற்று நேரம் இருந்தமையால், பதினோராம் வகுப்பு மாணவர்களோடு அளவளாவிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில், "எங்கள் இளமைக் காலத்தில் வீட்டுக்கு ஒரு தொலைபேசி வேண்டுமென்றால், விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதற்கென்றே காத்திருப்போர் பட்டியல் ஒன்று உண்டு" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. மாணவி ஒருத்தி எழுந்து, "கடைக்குப் போனால் கிடைக்கிற பொருளுக்குப் பட்டியல் எதற்கு ஐயா?" என்று கேட்டாள்.

"அந்நாளில் பணம் இல்லை, கருவி இல்லை" என்று ஏதோ சொல்லி முடித்துவிட்டேன். மணி அடித்தது, விழாவும் தொடங்கியது. ஆனால் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. கேள்வி நல்ல கேள்வி. விடைதான் அரைகுறை விடை. அன்று சொல்லாமல் விட்டதை இன்று வானொலி வாயிலாகச் சொல்ல முற்படுகிறேன்.

இக்கதை தொலைபேசியில் தொடங்கவில்லை, தந்தியில் தொடங்குகிறது. 1850-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் டயமண்டு துறைமுகத்துக்கும் இடையே சோதனைக்காகத் தந்திக் கம்பி ஒன்று அமைக்கப்பட்டது. வில்லியம் ஓ'ஷானெஸி என்னும் மருத்துவரே அதற்கு மூல காரணர். செய்தி விரைந்து செல்லுமாயின் ஆட்சியும் விரைந்து செல்லும் என்பதை 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஆங்கிலேயருக்கு உணர்த்திற்று. ஆகவே கம்பியைத் தம் கைக்குள் வைத்துக்கொள்ள விரும்பினர். 1885-ஆம் ஆண்டில் இந்தியத் தந்திச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் 4-ஆவது பிரிவு, தந்தியை நிறுவி நடத்தும் தனியுரிமை அரசாங்கத்துக்கே உரியது என்றும், அரசாங்கம் விரும்பினால் நிபந்தனை விதித்துப் பிறருக்கு உரிமம் அளிக்கலாம் என்றும் கூறிற்று. மாணவர்கள் இந்த ஒரு பிரிவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் நிகழ்ந்த அனைத்துக்கும் வித்து இதிலேதான் இருக்கிறது.

இங்கே ஒரு வியப்பைச் சொல்ல வேண்டும். தொலைபேசித் தொழிலில் தனியார் புகுந்தது அண்மைக் காலத்திலேதான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை வேறு. இந்நாட்டில் தொலைபேசியைத் தொடங்கியவரே தனியார்தாம். ஓரியண்டல் தொலைபேசிக் கம்பெனி என்னும் ஆங்கிலேய நிறுவனம் 1881-இல் உரிமம் பெற்றது. 1882-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் இணைப்பகங்கள் திறக்கப்பட்டன. கல்கத்தா இணைப்பகத்தில் அன்று இருந்த சந்தாதாரர் 93 பேர். இம்மூன்று நகரங்களின் தொலைபேசிக் கம்பெனிகளையும் அரசாங்கம் வாங்கித் தன்வயப்படுத்தியது 1943-ஆம் ஆண்டிலேதான். அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

நாடு விடுதலை பெற்றபோது ஏறத்தாழ 34 கோடி மக்களுக்கு இருந்த தொலைபேசிகள் சுமார் 80,000 மட்டுமே. அவையும் பெரும்பாலும் ஆட்சி அலுவலகங்களிலும் பெருவணிகர் இல்லங்களிலும் இருந்தவை. புதிய அரசு 1948-இல் பெங்களூரில் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையை நிறுவிற்று. 1960-இல் இலக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே, நடுவில் பணியாளர் உதவியின்றிச் சந்தாதாரரே எண்ணைச் சுழற்றி வெளியூருடன் பேசும் வசதி ஏற்பட்டது. முயற்சி இல்லாமல் இல்லை. ஆயினும் தேவை முன்னே ஓட, கருவி பின்னே நொண்டிக்கொண்டு வந்தது.

ஏன் அவ்வாறு ஆயிற்று? காரணங்கள் மூன்று எனலாம். அணையும் எஃகாலையும் உரத் தொழிற்சாலையும் முதலில் வேண்டும், தொலைபேசி செல்வர்க்குரிய பொருள், அது காத்திருக்கலாம் என்று திட்டமிட்டோர் கருதியது முதற் காரணம். பசித்த நாட்டில் அக்கருத்தை முற்றிலும் பிழை என்று சொல்லிவிட முடியாது. நுண்கருவிகளை வாங்க வெளிநாட்டுச் செலாவணி போதாமை இரண்டாவது காரணம். ஐரோப்பிய நாடுகளின் வழக்கத்துக்கேற்ப வகுக்கப்பட்ட இணைப்பகங்கள் நம் நாட்டில் திணறியது மூன்றாவது காரணம். அங்கே ஒரு தொலைபேசியை ஒரு குடும்பம் பயன்படுத்தும். இங்கே ஒரு தொலைபேசியைத் தெருவே பயன்படுத்தும். அத்தனை அழைப்புகளை அவை தாங்கவில்லை. 1991-ஆம் ஆண்டில் 84 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்குச் சுமார் 50 இலட்சம் இணைப்புகளே இருந்தன. கூடுதலாக முன்பணம் கட்டியவர்க்கு ஒரு வரிசை, மருத்துவர் முதலியோர்க்கு ஒரு வரிசை, ஏனையோர்க்கு ஒரு வரிசை எனப் பட்டியலும் பலவாயிற்று.

அந்நாளைய நிலை எத்தகையது என்பதை விளக்க, என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். 1986-ஆம் ஆண்டில் நான் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் உதவியாசிரியனாக இருந்தேன். ஏழாம் வகுப்பில் படித்த சிறுவன் ஒருவனின் தந்தையார் பம்பாயில் கூலி வேலை செய்துவந்தார். அங்கே அவர் திடீரென இறந்துபோனார். உடன் இருந்தோர் அன்றே தந்தி அடித்தனர். தந்தி எங்கள் ஊரை அடுத்த நகரத்துக்கு வந்து, அங்கிருந்து மிதிவண்டியில் எங்கள் ஊருக்கு வந்தபோது மறுநாள் மாலையாகிவிட்டது. ஊரில் தொலைபேசி கிடையாது. அஞ்சற்காரர் தந்தியைப் பள்ளிக்குக் கொண்டு வந்தார். ஆங்கிலத்தில் இருந்த அவ்வரியை வீட்டாருக்குப் படித்துச் சொன்னவன் நான். அதே வேளையில் பம்பாயில் இறுதிச் சடங்கு முடிந்துவிட்டது என்பதைப் பின்னர் அறிந்தோம். இதில் எவர் மீதும் குற்றம் இல்லை. தந்தி அடித்தவர் தாமதிக்கவில்லை, கொண்டுவந்தவரும் தாமதிக்கவில்லை. தொலைவு ஒன்றே தாமதித்தது. தொலைபேசி செல்வர்க்குரிய பொருள் என்ற கருத்தில் எனக்கு நம்பிக்கை அற்றுப்போன நாள் அது.

நிற்க. மாற்றம் எப்போது தொடங்கிற்று என்று கேட்டால், 1991-ஆம் ஆண்டின் தாராளமயப் பொருளாதாரக் கொள்கையையே பலரும் சுட்டுவர். அதற்கு முன்பே ஒரு மாற்றம் நிகழ்ந்தது என்பது என் கருத்து. 1984-இல் மைய அரசு தொலைத்தொடர்பு ஆராய்ச்சிக்கெனச் சி-டாட் என்னும் நிலையத்தை அமைத்தது. அமெரிக்காவில் தொழில் கற்ற சாம் பிட்ரோடா அதன் முயற்சிக்கு ஊக்கமாக விளங்கினார். இளம் பொறியாளர்கள் நம் ஊர்ப்புறத்தின் வெப்பத்தையும் தூசியையும் தாங்கத்தக்கதும், குளிரூட்டிய அறை வேண்டாததுமான சிறிய இணைப்பகம் ஒன்றைப் படைத்தனர். அது 1986-இல் கருநாடக மாநிலத்துக் கிட்டூரில் இயங்கத் தொடங்கிற்று. பின்னர் அத்தகைய சிற்றிணைப்பகங்கள் நாடெங்கும் பரவின.

அஞ்சலும் தொலைத்தொடர்பும் 1985-இல் தனித்தனித் துறைகளாயின. 1986-இல் தில்லிக்கும் பம்பாய்க்கும் மகாநகர் தொலைபேசி நிறுவனமும், வெளிநாட்டு அழைப்புக்கு விதேஷ் சஞ்சார் நிறுவனமும் ஏற்பட்டன. அதே பத்தாண்டில் கடைத்தெருக்களில் எஸ்.டி.டி. என்று எழுதிய மஞ்சட் பலகைகள் தோன்றின. இரவு முதிர்ந்தபின் கட்டணம் நாலில் ஒரு பங்காகக் குறையும்; அதுவரை பொறுத்திருந்து, கடை வாயிலில் வரிசையில் நின்று, கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்து, ஏறிக்கொண்டே போகும் எண்ணைப் பார்த்தவண்ணம் பேசியவர் எத்தனை ஆயிரம் பேர்! ஒவ்வொருவருக்கும் ஒரு தொலைபேசி தர இயலாத நாடு, ஒரு தொலைபேசியை ஆயிரம் பேர் பகிர்ந்துகொள்ள வழி கண்டது. அதற்குப் பொது ஆராய்ச்சியும் சிறுகடைக்காரரின் உழைப்பும் துணை நின்றன. பின்னர்ச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர்தம் குழுவினரும், கம்பியின்றி வீட்டுக்கு இணைப்புத் தரும் முறையொன்றைக் குறைந்த செலவில் உருவாக்கியதும் இவ்வழி வந்த முயற்சியே ஆகும்.

இனி, கொள்கைக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டு மே மாதம் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை வெளியாயிற்று. நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே தொலைபேசி உள்ளது என்பதை அது ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டது. காத்திருப்போர் அப்போது சுமார் 25 இலட்சம். 5,76,490 சிற்றூர்களில் 1,40,000 சிற்றூர்களுக்கே தொலைபேசி எட்டியிருந்தது. 1997-ஆம் ஆண்டுக்குள் கேட்டவர்க்குக் கேட்டபோது தொலைபேசி, எல்லாச் சிற்றூர்களுக்கும் தொலைபேசி, நகரங்களில் 500 பேருக்கு ஒரு பொதுத் தொலைபேசி என்று இலக்குகள் குறிக்கப்பட்டன. இதற்குத் தேவையான பணத்தில் 23,000 கோடி ரூபாய் பற்றாக்குறை ஏற்படும் என்றும், அதனை நிரப்பத் தனியார் முதலீடு வேண்டும் என்றும் கொள்கை கூறிற்று. அரசாங்கத்தின் தனியுரிமையில் பங்குகொள்ளத் தனியார் மீண்டும் அழைக்கப்பட்டனர். அதற்கெனப் புதிய சட்டம் இயற்றவில்லை. 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே 4-ஆவது பிரிவு உரிமம் வழங்க இடம் தந்தது. அரசின் இச்செயலை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கொள்கை செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மைய அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் பேசினார். நாட்டின் முதற் கைப்பேசி அழைப்பு அதுவே. கட்டணமோ நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை இருந்தது. அழைப்பவர் மட்டும் அன்றி அழைக்கப்படுபவரும் கட்டணம் செலுத்த வேண்டும். ஆகவே, மணி அடித்தால் எடுப்பவரைக் காட்டிலும், எண்ணைப் பார்த்துவிட்டு அருகிலுள்ள கம்பித் தொலைபேசிக்கு ஓடுபவரே மிகுதி.

கொள்கையின் இலக்குகள் நிறைவேறினவா? 1999-இல் அரசாங்கமே வெளியிட்ட கணக்கை நோக்குவோம். 75 இலட்சம் புதிய இணைப்புகள் தருவதாகத் திட்டம். தந்ததோ 87 இலட்சத்துக்கு மேல். நகரங்களில் 522 பேருக்கு ஒரு பொதுத் தொலைபேசி. இலக்கை ஏறக்குறைய எட்டிவிட்டது. ஆனால் எல்லாச் சிற்றூர்களுக்கும் என்றதோ 3,10,000 சிற்றூர்களோடு நின்றது. மாணவர்களே, ஒரே துறை, ஒரே காலம், ஒரே கொள்கை. நகரத்து இலக்கு மிஞ்சியது. சிற்றூர் இலக்கு பாதியில் நின்றது. ஏட்டுச் சுரைக்காய் யார் வீட்டுக் கறிக்கு உதவிற்று, யார் வீட்டுக்கு உதவவில்லை என்பதை இக்கணக்கே காட்டிவிடுகிறது.

தனியாரும் வெற்றி பெறவில்லை. நாட்டைப் பல வட்டங்களாகப் பிரித்து ஏலம் விட்டனர். ஆண்டுதோறும் இவ்வளவு செலுத்துவேன் என்று கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு பெருந்தொகைகளை எழுதிக் கொடுத்தன. வருவாயோ எதிர்பார்த்ததில் பாதியும் இல்லாமற்போயிற்று. கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. கம்பித் தொலைபேசிக்கான வட்டங்களில் 6 வட்டங்களுக்கே தனியார் உரிமம் பெற்றனர். 1999-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் கைப்பேசி வைத்திருந்தோர் பத்து இலட்சத்தைச் சற்றே கடந்திருந்தனர்.

அவ்வாண்டில் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்தது. அதன் உயிர்நாடியை நம் வேளாண் வழக்கத்தைக் கொண்டே விளக்கிவிடலாம். நிலத்தைப் பிறர்க்கு உழவு செய்யக் கொடுப்பதில் இரண்டு முறைகள் உண்டு. விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்தனை மூட்டை அளந்துவிட வேண்டும் என்பது குத்தகை. விளைந்ததில் இன்ன பங்கு என்பது வாரம். 1994-ஆம் ஆண்டுக் கொள்கை குத்தகை முறை. 1999-ஆம் ஆண்டுக் கொள்கை வார முறை. நிலையான உரிமக் கட்டணத்தை விடுத்து, வருவாயில் ஒரு பங்கை அரசுக்குச் செலுத்தினால் போதும் என்று ஆக்கினர். உடனே நிறுவனங்கள் மூச்சுவிட்டன. கட்டணத்தைக் குறைத்தால் பேசுவோர் பெருகுவர், பேசுவோர் பெருகினால் வருவாய் பெருகும் என்ற கணக்கு அப்போதுதான் அவர்களுக்குக் கைகூடிற்று. குத்தகைக்காரர்களுக்கு அரசு சலுகை காட்டிவிட்டது என்று அன்று கண்டித்தோரும் உண்டு. வாக்குக் கொடுத்து ஏலம் எடுத்தவர் அதனின்றும் விடுபடுவது முறையா என்னும் அவர்களது வினா நேர்மையான வினாவே. இழப்பு ஒருபுறம் இருந்தது. பயன் மறுபுறம் இருந்தது. பயன் பெரிதாயிற்று என்பதை வரலாறு காட்டுகிறது.

இன்னொரு சீர்திருத்தமும் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. ஒரு காலத்தில் சட்டம் வகுத்ததும், உரிமம் தந்ததும், தொழில் நடத்தியதும், வழக்கைத் தீர்த்ததும் ஒரே துறையாக இருந்தது. கபடி ஆட்டத்தில் ஆடுபவரே நடுவராகவும் நின்றால் எதிரணியினர் என் செய்வர்? 1997-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் வழக்குகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம் அமைந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள், அரசுத் துறை நடத்திவந்த தொழில் பாரத் சஞ்சார் நிறுவனம் என்னும் கம்பெனியாயிற்று. வெளியூர் அழைப்புத் தொழில் 2000-இலும், வெளிநாட்டு அழைப்புத் தொழில் 2002-இலும் பலருக்கும் திறந்துவிடப்பட்டன. 2003-ஆம் ஆண்டு மே முதல் நாளிலிருந்து, அழைப்பவர் மட்டுமே கட்டணம் செலுத்தினால் போதும் என்றாயிற்று.

இக்கடைசி மாற்றத்தைச் சிறிதென்று எண்ணற்க. அழைப்பைப் பெறுவதற்குக் காசு இல்லை என்று ஆனவுடனேயே கொத்தனாரும் மீனவரும் காய்கறி விற்கும் அம்மையாரும் கைப்பேசி வாங்கினர். பேசக் காசில்லாவிட்டாலும் பிறர் தம்மை அழைக்கலாம் அன்றோ? தொழில் செய்வோர்க்கு வேலை தேடி வந்தது. 2004-ஆம் ஆண்டின் இறுதியில் கைப்பேசிகள் கம்பித் தொலைபேசிகளை எண்ணிக்கையில் விஞ்சின. 2010-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவை 58 கோடியைக் கடந்தன. நூறாண்டுகளுக்கு மேல் ஊர்ந்து வந்தது பத்தாண்டுகளில் பறந்தது. 2013-ஆம் ஆண்டு ஜூலையில் தந்திச் சேவை முடிவுற்றது. அச்செய்தியைப் படித்தபோது, அந்த ஏழாம் வகுப்புச் சிறுவனை நினைத்துக்கொண்டேன்.

கதை இவ்விடத்தில் முடிந்தால் இனிய கதையாக இருக்கும். ஆனால் வரலாறு இனிய இடத்தில் நிற்பதில்லை.

கைப்பேசி கம்பியில் ஓடுவதன்று, காற்றலையில் ஓடுவது. அலைக்கற்றை கண்ணுக்குப் புலப்படாதது. ஆயினும் ஆற்று நீரைப் போல அளவுக்குட்பட்டது. அது பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டிலேயே, ஒலிபரப்புப் பற்றிய ஒரு வழக்கில் உரைத்தது. 2008-ஆம் ஆண்டில் முதலில் வந்தவர்க்கு முதலில் என்னும் முறையில், 2001-ஆம் ஆண்டு விலைக்கே 122 உரிமங்கள் வழங்கப்பட்டன. அரசுக்கு 1.76 இலட்சம் கோடி ரூபாய் வரை இழப்பு நேர்ந்திருக்கலாம் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2010-இல் மதிப்பிட்டார். 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் தள்ளுபடி செய்தது. தொடர்ந்த குற்ற வழக்கில், 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் தனி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. அதன் மேல் முறையீடும் செய்யப்பட்டது. இவ்விரண்டு தீர்ப்புகளையும் மாணவர்கள் குழப்பிக்கொள்ளலாகாது. வழங்கிய முறை சரியா என்பது ஒரு வினா. வழங்கியோர் குற்றம் புரிந்ததாக மெய்ப்பிக்கப்பட்டதா என்பது வேறொரு வினா. பொதுச் சொத்தைக் கொடுக்கும்போது எல்லோரும் காணக் கொடுக்க வேண்டும் என்பதே நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

வார முறையிலும் ஒரு சிக்கல் மறைந்திருந்தது. விளைச்சலில் பங்கு என்றால் நெல் மட்டுமா, வைக்கோலும் சேருமா? தொலைபேசித் தொழிலின் வருவாயில் மட்டுமே பங்கு என்றன நிறுவனங்கள். வட்டி, வாடகை முதலிய பிற வருவாயும் சேரும் என்றது அரசு. பல்லாண்டு நடந்த இவ்வழக்கில் 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. பாக்கி மலைபோல் குவிந்தது.

இதற்கிடையில் 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ நிறுவனம் களத்தில் இறங்கிற்று. இணையக் கட்டணம் சரிந்தது. ஏழை மாணவனும் உலகத்து நூலகங்களைக் கையில் ஏந்தினான். ஆனால் பல நிறுவனங்கள் வீழ்ந்தன, அல்லது பிறவற்றோடு இணைந்தன. தமிழ்நாட்டில் வேரூன்றியிருந்த ஏர்செல் நிறுவனம் 2018-இல் நொடிப்பு மனு கொடுத்தது. அதன் சந்தாதாரர் தம் எண்ணைக் காத்துக்கொள்ள வேறு நிறுவனங்களை நாடி அலைந்தனர். பத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் போட்டியிட்ட களத்தில் இன்று நாடு தழுவிய தனியார் மூவரும் அரசின் பாரத் சஞ்சார் நிறுவனமுமே எஞ்சி நிற்கின்றனர். அம்மூன்றனுள் ஒன்றான வோடபோன் ஐடியாவில், பாக்கிக்கு ஈடாக அரசே பங்குகளைப் பெற்றுக்கொண்டது. அப்பங்கு 2023-இல் ஏறத்தாழ 33 விழுக்காடு. 2025-இல் ஏறத்தாழ 49 விழுக்காடு. போட்டி தானாக விளையும் பயிரன்று. களை எடுக்காவிட்டால் வலியது மெலியதை விழுங்கும். சந்தையைத் திறப்பது ஒரு நாட் செயல். திறந்த சந்தையைக் காப்பது என்றும் உள்ள கடமை.

இனி, சிற்றூர்களைப் பார்ப்போம். இலாபம் இல்லாத இடத்துக்குத் தனியார் தாமாகச் செல்லார் என்பதை உணர்ந்து, 2002-இல் அனைவர்க்கும் சேவை என்னும் கடமைக்கென ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. நிறுவனங்களின் வருவாயில் ஒரு பகுதி அதற்குச் செல்லும். ஊராட்சிகள்தோறும் ஒளியிழைக் கம்பி கொண்டுசெல்லும் திட்டமும் 2011-இல் ஒப்புதல் பெற்றது. பலன் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆயினும் 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நகர்ப்புறத்தில் நூறு பேருக்கு இருந்த இணைப்புகள் நூற்றைக் கடந்திருக்க, ஊரகத்தில் அவ்வெண் அறுபதை ஒட்டியே நின்றது.

எண்ணிக்கை சொல்லாததை நான் கண்ணாற் கண்டேன். 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றுக் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன; பாடங்கள் கைப்பேசி வழியே நடந்தன. நான் ஓய்வு பெற்றிருந்த காலம் அது. அண்டை வீட்டுப் பிள்ளைகள் சிலருக்குத் திண்ணையில் கணக்குச் சொல்லிக் கொடுத்து வந்தேன். அவர்களுள் ஒரு சிறுமியின் வீட்டில் கைப்பேசி இருந்தது. ஆனால் அது ஒன்றே ஒன்று. காலையில் தந்தையாருடன் வேலைக்குச் செல்லும். இரவு எட்டு மணிக்குத் திரும்பும். அதன்பின் அண்ணன் பார்ப்பான்; அவன் முடித்த பிறகே இவள் முறை. பாடம் காலையில், கைப்பேசி இரவில். அரசாங்கக் கணக்கில் அவ்வீடு தொலைபேசி உள்ள வீடு. அச்சிறுமியோ காத்திருந்தாள்.

அந்த வகுப்பு மாணவிக்கு நான் சொல்ல வேண்டியிருந்த விடை இதுவே. காத்திருப்போர் பட்டியல் ஏற்பட்டதற்குக் காரணம் பணமின்மை மட்டும் அன்று. இது யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று சிலர் செய்த முடிவும் காரணம். அப்பட்டியலைச் சந்தை மட்டும் ஒழிக்கவில்லை. அரசு மட்டும் ஒழிக்கவும் இல்லை. பொது ஆராய்ச்சியும், போட்டியும், நடுவர் ஒருவரும், நல்ல விதி சிலவும் ஒன்றுகூடியபோது அது கரைந்தது. ஆனால் முற்றிலும் கரைந்துவிடவில்லை. அன்று காத்திருந்தோரின் பெயர் ஓர் அலுவலகத்து ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. 25 இலட்சம் பேர் என்று எண்ணிச் சொல்ல முடிந்தது. எண்ணிச் சொன்னதால்தான் அது கொள்கையாயிற்று. இன்று காத்திருக்கும் சிறுமியின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2023-ஆம் ஆண்டில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வரலாயிற்று. இச்சட்டத்தின்படியும் அரசின் இசைவு பெற்றே தொலைத்தொடர்பு நடத்த முடியும். ஆகவே, சட்டம் புதியதாயினும் கேட்க வேண்டிய கேள்விகள் பழையவையே. இசைவு யாருக்கு வழங்கப்படுகிறது? அது எல்லோரும் காண வழங்கப்படுகிறதா? எவர் செலுத்துகிறார், எவர் பயன் பெறுகிறார்? கணக்கில் வாராமல் விடுபட்டோர் எவர்? பொருளாதாரம் பயிலும் மாணவரும் சட்டம் பயிலும் மாணவரும் எந்தக் கொள்கையைப் படித்தாலும், இந்நான்கு கேள்விகளை ஏட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

அன்று வகுப்பில் எழுந்து கேட்ட மாணவி இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருப்பாளாயின், அவளுக்கு என் நன்றி உரியது. ஆசிரியனுக்கு ஓய்வு உண்டு. நல்ல கேள்விக்கு விடை சொல்லும் கடனுக்கு ஓய்வு இல்லை.